கூரை எஸ்டிமேட்டை ஒரு ரூஃபர் பார்க்கட்டும், ஆனால் இந்த வரிசையில்

டெக்சாஸில் டாலஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவில் வீடு வைத்திருக்கும் ஒரு வாசகி கேட்டிருப்பது இது. ஆலங்கட்டி மழையில் கூரை அடிபட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அட்ஜஸ்டர், அதாவது சேதத்தை மதிப்பிடுகிறவர், வந்து முக்கால் மணி நேரம் இருந்து பார்த்துவிட்டுப் போனார். பத்து நாளில் எஸ்டிமேட் வந்தது: 16,800 டாலர். கூடவே வந்த செக்கில் இருந்ததோ 2,200 டாலர்தான். பக்கத்து வீட்டுக்காரர் "எஸ்டிமேட்டை ஒரு ரூஃபரிடம், கூரை போடுகிறவரிடம், காட்டுங்கள்" என்கிறார், கணவர் "அவர்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கும், வம்பு வேண்டாம்" என்கிறார். காட்டினால் கம்பெனி கோபித்துக்கொண்டு பாலிசியை நிறுத்திவிடுமா? ரூஃபர் அதில் எதைத்தான் பார்ப்பார்?

காட்டுங்கள். உங்கள் வீட்டுக் கூரைக்கு என்னென்ன வேலை தேவை என்பதை அந்த வேலையைச் செய்கிறவர் சரிபார்ப்பதில் தவறு எதுவும் இல்லை. கம்பெனி கோபப்பட அதில் இடமில்லை. ஆலங்கட்டிக் கிளெய்ம் என்பது நீங்கள் ஏற்கெனவே பதிந்துவிட்ட ஒன்று. அதன் எஸ்டிமேட்டில் விடுபட்ட வேலையின் வரியை, அதாவது லைன் ஐட்டத்தை, சுட்டிக்காட்டுவது புதுக் கிளெய்ம் ஆகாது. ஆனால் யாரிடம் காட்டுகிறீர்கள், எப்போது காட்டுகிறீர்கள், எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். டாலஸ் பகுதியில் பத்து வருடத்துக்கு மேலாகக் கூரை எஸ்டிமேட் எழுதுவதுதான் என் பிழைப்பு. முதல் சில வருடங்கள் இன்ஷூரன்ஸ் பக்கத்துக்கு அட்ஜஸ்டராக, பிறகு கூரை ஒப்பந்தக்காரர் பக்கத்தில். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 2,200 டாலரைப் புரிந்துகொள்ளுங்கள். அதைப் பார்த்துப் பதறித்தான் பலர் தப்பான ஆளிடம் போய் விழுகிறார்கள். உங்கள் வீட்டுக்கு 4,50,000 டாலர் கவரேஜ், காற்று–ஆலங்கட்டி டிடக்டிபிள் (நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) 2 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். டெக்சாஸில் இது சர்வசாதாரணம். 2 சதவீதம் என்பது சேதத்தின் தொகையில் அல்ல, வீட்டின் கவரேஜில். ஆக 9,000 டாலர் உங்கள் பங்கு. கூரைக்கு வயது பத்து. முப்பது வருட ஷிங்கிள் (கூரை மேல் வரிசையாக ஆணியடிக்கும் தார் அட்டை) என்று வைத்து மூன்றில் ஒரு பங்கைத் தேய்மானமாக, அதாவது 5,600 டாலரை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 16,800-இல் 5,600 போனால் 11,200. அதில் 9,000 போனால் 2,200. செக் சரிதான். உங்கள் பாலிசி கூரைக்கு முழு மாற்றுச் செலவு தருகிற பாலிசியாக இருந்தால், வேலை முடித்து ரசீது காட்டியதும் அந்த 5,600 இரண்டாவது செக்காக வரும். கூரைக்கு மட்டும் தேய்மானம் போக உள்ள மதிப்புதான் என்று எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு இணைத்த திருத்தம், போட்டிருந்தால் அது வராது. பாலிசியின் டிக்ளரேஷன் பக்கத்தில் இன்றைக்கே பாருங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. டிடக்டிபிள் ஒரு முறைதான் கழியும். அது கழிந்தாகிவிட்டது. உங்கள் பாலிசி முழு மாற்றுச் செலவு தருவதாக இருந்தால், இனி எஸ்டிமேட்டில் நியாயமாகச் சேரும் ஒவ்வொரு டாலரும் முழுதாக உங்கள் வேலைக்கு வரும். உதாரணத்துக்கு, ரூஃபர் பார்த்த பிறகு 16,800 என்பது 21,400 ஆனால் கம்பெனி மொத்தமாகத் தருவது 7,800-இலிருந்து 12,400 ஆகும். அந்த 4,600-ஐ அவர்கள் தராமல் விட்டால் உங்கள் கையிலிருந்து போகும், அல்லது கூரையில் அவ்வளவு வேலை குறையும்.

ஏன் விடுபடுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல. 2016 ஏப்ரல் 11 அன்று வைலி ஊரில் சாஃப்ட்பால் அளவுக்கு ஆலங்கட்டி கொட்டியது இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த மாதங்களில் நான் ஒரு நாளைக்கு ஐந்து வீடு, சில நாள் ஆறு வீடு ஏறி இறங்கினேன். ராத்திரி ஓட்டல் அறையில் உட்கார்ந்து எக்ஸாக்டிமேட் என்கிற மென்பொருளில் ஒவ்வொரு வீட்டுக்கும் வரி வரியாக ஏற்றுவேன். இன்றைக்கும் பெரும்பாலான கம்பெனிகள் அதில்தான் எழுதுகின்றன. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் விலைப்பட்டியல் அதற்குள்ளேயே இருக்கிறது. விலை அதுவாக வந்து விழும். அளவையும் வேலையின் பெயரையும் நாம்தான் போட வேண்டும். ஆறாவது வீட்டுக்கு எழுதும்போது தூக்கம் சொக்கும், போன வீட்டு வரிகளை அப்படியே எடுத்துப் போட்டு அளவை மட்டும் மாற்றத் தோன்றும். அன்று நான் எழுதியவற்றில் விடுபட்டதை எந்த ரூஃபராவது எடுத்துக் காட்டினால் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். யாரும் காட்டாத வீடுகளில் அது விடுபட்டதாகவே போயிருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் மனது உறுத்துகிறது.

ஆகவே எஸ்டிமேட்டைத் தீர்ப்பாகப் பார்க்காதீர்கள். அது வேலைகளின் பட்டியல். பட்டியலைச் சரிபார்க்க முடிகிறவர் அந்த வேலை தெரிந்தவர்தான்.

இப்போது வரிசைக்கு வருகிறேன். ரூஃபர் வந்ததும் எஸ்டிமேட்டை நீட்டாதீர்கள். முதலில் அவர் வெறுங்கையோடு ஏறி, தானே அளந்து, தானே படம் எடுத்து, இந்தக் கூரைக்கு என்ன வேலை என்று எழுதித் தரட்டும். அதன் பிறகு எஸ்டிமேட்டைக் கொடுங்கள். தொகையை முதலிலேயே பார்த்துவிட்டால் அந்தத் தொகைக்குத் தகுந்தபடி வேலையை அமைக்கிற பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. "இன்ஷூரன்ஸ் எவ்வளவு கொடுக்குதோ அதுக்கே செய்து தர்றேன்" என்கிற பேச்சு காதுக்கு இனிமையாக இருக்கும். அதன் அர்த்தம், 16,800-க்குள் அடங்காத தகரத்தையும் விளிம்பையும் அவர் செய்ய மாட்டார் என்பதுதான்.

கூரை மேல் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு காட்சி. பிளானோவில் ஒரு தமிழ்ப் பெரியவர் வீடு. கீழே நின்றபடி, "ஏன் தம்பி, அவங்க ஆளுதான் ஏறிப் பார்த்துட்டுப் போனாரே, நீங்க வேற எதுக்கு ஏறணும்?" என்று கேட்டுக்கொண்டே ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலே தெற்குச் சரிவில் அட்ஜஸ்டர் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட பத்தடிக்குப் பத்தடிச் சதுரம் அப்படியே இருந்தது. அதற்குள் அடிபட்ட இடங்களைச் சுற்றி ஒன்பது வட்டம். வடக்குச் சரிவில் சதுரமே இல்லை. அந்தப் பக்கம் வெயில் குறைவு, ஷிங்கிளின் கருப்பில் அடி எளிதில் தெரியாது. நான் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். துகள் உதிர்ந்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால், கன்றிப்போன ஆப்பிளை அழுத்துவது போல மெத்தென்று உள்ளே போனது. அடியில் இருக்கும் கண்ணாடியிழை முறிந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அப்படி ஏழு இடம். பக்கத்தில் இருந்த காற்றுப்போக்கித் தகரத்திலும் அதே திசையிலிருந்து வந்த குழிகள். எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து இறங்கினேன். எஸ்டிமேட்டைப் பிரித்தால் இரண்டு சரிவுக்கு மட்டும்தான் எழுதியிருந்தது. பெரியவர் அந்தப் படங்களை அனுப்பி மறுபடி பார்க்கச் சொன்னார். வேறொரு அட்ஜஸ்டர் வந்து தானே கையால் அழுத்திப் பார்த்துவிட்டு வடக்கையும் சேர்த்தார்.

இனி வரிகள். கூரையை அளக்கும் அலகு ஸ்கொயர், 100 சதுர அடி. பெரும்பாலும் விமானப் படத்திலிருந்து எடுத்த ஈகிள்வியூ அறிக்கையின் அளவைத்தான் இரு தரப்பும் வைத்துக்கொள்கிறார்கள். அதில் தகராறு குறைவு. தகராறு சேதாரத்தில் வரும். நகைக்கடையில் சேதாரம் போடுவது போலத்தான். வெட்டி எறிகிற ஷிங்கிளுக்கும் விலை உண்டு. இரண்டே சரிவு உள்ள எளிய கூரைக்கு வழக்கமாக 10 சதவீதம் போதும். நான்கு பக்கமும் சரிந்து, இடையிடையே பள்ளத்தாக்கு போல மடிந்து இறங்கும் கூரைக்கு 15 சதவீதமோ அதற்கு மேலோ ஆகும். ஃப்ரிஸ்கோவில் இருபது வருடத்துக்குள் கட்டிய வீடுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது ரகமாகத்தான் என் கண்ணுக்குப் படுகிறது. உங்கள் கூரை 28 ஸ்கொயர் என்றால் 10 சதவீதத்தில் 30.8, 15 சதவீதத்தில் 32.2. ஒரு ஸ்கொயருக்கு மூன்று கட்டு. கட்டைப் பிரித்து யாரும் விற்பதில்லை என்பதால் மேலே முழுமையாக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கீழ்விளிம்பில் முதல் வரிசையாகப் போடும் ஸ்டார்ட்டர், உச்சியில் மூடும் ரிட்ஜ் கேப். இவை இரண்டும் சேதாரத்துக்குள் அடக்கம் என்று சில கம்பெனிகள் எழுதும். வெட்டி மிஞ்சிய துண்டை வைத்து ஸ்டார்ட்டர் போடலாம், ரிட்ஜை மூடலாம் என்பது அவர்கள் வாதம். மூன்று பட்டை ஷிங்கிள் காலத்தில் அது ஓரளவு நடந்தது. இன்றைய கனத்த லாமினேட் ஷிங்கிளை மடக்கி உச்சியில் வைக்க முடியாது, ரிட்ஜுக்கென்றே தனியாகச் செய்த துண்டுகளைத் தான் வாங்க வேண்டும். உங்கள் ஷிங்கிள் தயாரிப்பாளர் அச்சிட்டுத் தரும் பொருத்தும் முறையில் இது எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை இணைத்து அனுப்பினால் பெரும்பாலும் வாதம் அதோடு முடியும்.

சரிவுக் கூலியை நன்றாகக் கவனியுங்கள். பன்னிரண்டு அங்குலம் உள்ளே போனால் ஏழு அங்குலம் ஏறுகிற சரிவு முதல், அதாவது 7/12 முதல், ஆட்கள் சாதாரணமாக நடந்து வேலை செய்வது கடினம். எக்ஸாக்டிமேட்டில் அதற்கென்று கூடுதலாக ஒரு லைன் உண்டு. 10/12-ஐத் தொட்டால் அந்த லைன் மாறி விலை ஏறும். மாடி வீடென்றால் உயரத்துக்கு இன்னொரு வரி. பழையதைப் பிய்க்க ஒரு முறை, புதியதைப் போட ஒரு முறை என்று இந்தக் கூடுதல் இரண்டு இடத்திலும் வர வேண்டும். பிய்ப்பதற்குப் போட்டுவிட்டுப் போடுவதற்கு விட்டிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உங்கள் எஸ்டிமேட்டை முதலில் இந்த இடத்தில் திறந்து பாருங்கள், நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பிறகு தகரங்கள். கூரை சுவரைத் தொடுகிற இடத்தில் படிப்படியாகச் செருகும் தகரம், புகைபோக்கியைச் சுற்றி வரும் தகரம், மடிப்புகளின் அடியில் ஓடுவது, குளியலறைக் குழாய் வெளிவரும் இடத்தில் மாட்டும் பைப் ஜாக். "இருப்பதையே கழற்றி மாட்டலாம்" என்று எழுதியிருப்பார்கள். செங்கல் சுவருக்குள் செருகிய பத்து வருடத் தகரத்தை வளைக்காமல் கழற்றி, பழைய ஆணித்துளைகளோடு திரும்ப வைத்து, தண்ணீர் இறங்காது என்று எந்த மேஸ்திரியும் உத்தரவாதம் தர மாட்டார். கூரை ஒழுகுவது ஷிங்கிளின் நடுவில் அல்ல, இந்த ஓரங்களில்தான். மற்ற எந்த வரியை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள் என்பேன்.

விளிம்புத் தகரமான டிரிப் எட்ஜ் பழைய வீடுகளில் இருக்காது. இல்லாததை ஏன் தர வேண்டும் என்று கம்பெனி கேட்கும். 2012 பதிப்பு முதல் சர்வதேசக் குடியிருப்புக் கட்டட விதிகளில் ஷிங்கிள் கூரையின் கீழ்விளிம்பிலும் பக்கவாட்டு விளிம்பிலும் அது கட்டாயம். ஊருக்கு ஊர் எந்தப் பதிப்பை ஏற்றிருக்கிறார்கள், என்ன திருத்தம் செய்திருக்கிறார்கள் என்பது மாறும். நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவைக் கூப்பிட்டால் சொல்லிவிடுவார்கள். இப்படிச் சட்டம் கேட்பதால் வரும் கூடுதல் செலவுக்குப் பாலிசியில் "ஆர்டினன்ஸ் ஆர் லா" என்று தனிக் கவரேஜ் இருக்கும். பரவலாகப் புழங்கும் வீட்டுப் பாலிசிப் படிவத்தில் அது வீட்டுக் கவரேஜில் 10 சதவீதம். உங்களுடையதில் இருக்கிறதா, எவ்வளவு என்று பாருங்கள். எழுபது எண்பதுகளில் கட்டிய வீடுகளுக்கு இது உயிர்நாடி. அன்றைக்கு மரச்சிம்பு வேய்ந்த கூரைகளுக்கு அடியில் இடைவெளி விட்டுப் பலகைகள்தான் அடித்திருப்பார்கள். ஷிங்கிளுக்கோ இடைவெளி இல்லாத தளம் வேண்டும் என்பது விதி. பிய்த்த பிறகுதான் இது தெரியும் என்பதால் பிய்க்கும் நாளில் ரூஃபர் படம் எடுத்து அன்றே உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். மூடிவிட்ட பிறகு சாட்சி கிடையாது.

கூரையோடு நிற்காமல் மழைநீர்க் குழாய், ஏசி வெளிப்பெட்டியின் தகடுகள், ஜன்னல் வலை, வேலிச் சாயம் என்று ஒரு சுற்று வாருங்கள். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் பல தொழில் ஆட்களை ஒருங்கிணைக்க ஒரு பொது ஒப்பந்தக்காரர் தேவைப்படும். அப்போது அவருடைய நிர்வாகச் செலவுக்கும் லாபத்துக்கும் சேர்த்து வழக்கமாகப் பத்தும் பத்தும் சதவீதம் போடுவார்கள். மாற்றுச் செலவு தரும் பாலிசியில் முதல் செக்கைக் கணக்கிடும்போதே இதைக் கழித்துவிடுவது முறையல்ல என்று டெக்சாஸ் இன்ஷூரன்ஸ் துறை 1998-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வெறும் கூரை வேலை மட்டும் என்றால் இதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

"முழுக் கூரை வேண்டாம், ஒரு சரிவை மட்டும் ஒட்டுப்போடலாம்" என்று வந்திருந்தால் ரூஃபரின் சோதனைக்கு மதிப்பு அதிகம். பழைய ஷிங்கிளின் ஓரத்தைத் தூக்கினால் வளையாமல் முறிகிறதா என்று பார்த்து வீடியோ எடுக்க வேண்டும். முறிந்தால் ஒட்டுப்போட முடியாது. ஒன்றை மாற்ற மேலே இருக்கும் நான்கு உடையும். அதோடு உங்கள் ஷிங்கிளின் அளவு இன்றைக்கும் தயாரிக்கப்படுகிறதா என்பதும் உண்டு. 12 அங்குல அகல ஷிங்கிளின் நடுவில் 13¼ அங்குலம் உள்ளதைச் செருகினால் வரிசை ஒத்துப்போகாது. ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒத்த ஷிங்கிள் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்கலாம்.

இதுவரை ரூஃபர் செய்யக்கூடியது. செய்யக்கூடாததும் ஒன்று உண்டு, அதைத் தெரியாமல் நல்ல மனிதர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். டெக்சாஸில், தான் வேலை செய்யப்போகும் வீட்டுக்கு ஒரு ஒப்பந்தக்காரர் உங்கள் சார்பில் கிளெய்ம் பேரம் பேசக்கூடாது. அது உரிமம் பெற்ற பப்ளிக் அட்ஜஸ்டரின் வேலை, அந்த உரிமமே இருந்தாலும் ஒரே வீட்டுக்கு இரண்டு வேஷமும் கட்டக்கூடாது. இந்தத் தடை பேச்சுரிமைக்கு எதிரானது என்று ஸ்டோன்வாட்டர் என்ற ரூஃபிங் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2024 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கமே நின்றது. ஆகவே "உங்க கிளெய்மை நாங்க பார்த்துக்கறோம், நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்" என்று சொல்கிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தன் அளவு இது, தன் விலை இது, இந்த வேலை ஏன் தேவை என்று அட்ஜஸ்டரிடம் விளக்குவது ரூஃபரின் வேலை. பாலிசியில் இது அடங்குமா என்று கேட்பது உங்கள் வேலை.

எனவே கடிதத்தை நீங்களே எழுதுங்கள். கோபமோ கெஞ்சலோ வேண்டாம். கிளெய்ம் எண், அவர்கள் எஸ்டிமேட்டின் வரி எண், அதில் இருக்கும் அளவு, ரூஃபர் அளந்த அளவு, அதற்கான படத்தின் எண். விடுபட்ட வேலை என்றால் அது ஏன் தேவை என்று ஒரு வரி, கூடவே விதியின் பக்கமோ தயாரிப்பாளரின் பக்கமோ. மொத்தத் தொகையைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். "என் ரூஃபர் 21,400 கேட்கிறார்" என்று எழுதினால் "உங்கள் ரூஃபர் விலை அதிகம்" என்று பதில் வரும், கதை முடிந்தது. "வரி 14-இல் டிரிப் எட்ஜ் பூஜ்யம், கூரைச் சுற்றளவு 240 அடி, படம் 31" என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஏற்காவிட்டால் பாலிசியின் எந்தப் பகுதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். தேவையானதெல்லாம் கைக்கு வந்த பிறகு 15 வேலை நாளுக்குள் கிளெய்மை ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல வேண்டும், தருவதாகச் சொன்னால் அடுத்த 5 வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது டெக்சாஸில் பொதுவான சட்டக் கெடு. போனில் பேசியதையும் அன்றே ஒரு ஈமெயிலாகப் போட்டுவையுங்கள்.

இப்போது ஆளைத் தேர்ந்தெடுப்பது. டெக்சாஸில் ரூஃபருக்கு மாநில உரிமம் என்று ஒன்று கிடையாது. ஒரு டிரக்கும் ஏணியும் இருந்தால் யாரும் ரூஃபர்தான். மழை விட்ட மறுநாள் கதவைத் தட்டுகிறவர்களில் பாதிப்பேர் வேறு மாநில எண் பலகையோடு வருவார்கள். இதே ஊரில் ஐந்து வருடமாவது அலுவலகம் வைத்திருப்பவரா, பொறுப்புக் காப்பீட்டுச் சான்று அவர் ஏஜென்டிடமிருந்தே நேராக உங்களுக்கு வருகிறதா என்று பாருங்கள். பார்த்துச் சொல்வதற்குப் பெரும்பாலோர் காசு வாங்குவதில்லை, வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வருகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் "ஏறிப் பார்க்க அனுமதி" என்று சொல்லி நீட்டுகிற தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொண்டால் வேலை எங்களுக்கே, ரத்து செய்தால் இத்தனை சதவீதம்" என்று அதற்குள் இருக்கும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், வீட்டு வாசலில் வந்து வாங்கிய கையெழுத்தை 3 வேலை நாளுக்குள் ரத்து செய்ய மத்திய அரசின் விதி இடம் தருகிறது. இன்றைக்கே எழுதி அனுப்புங்கள்.

"டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கறோம்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2019 செப்டம்பர் 1 முதல் அது டெக்சாஸில் குற்றம். நீங்கள் டிடக்டிபிளைக் கட்டினதற்கு ஆதாரம் கேட்டு, அது வரும் வரை இரண்டாவது செக்கை நிறுத்திவைக்கக் கம்பெனிக்கு உரிமையும் உண்டு. 9,000 டாலரை மிச்சப்படுத்துவதாகச் சொல்கிறவர் அதை எங்காவது பொய்யாக எழுதித்தான் மிச்சப்படுத்துவார், அந்தப் பொய்த்தாளில் உங்கள் பெயர் இருக்கும்.

யாரையும் தனியாகக் கூரையில் ஏற விடாதீர்கள். கீழே நின்று செல்போனில் படம் பிடியுங்கள், அல்லது அவர் வீடியோ ஓடவிட்டபடி ஏறட்டும். ஆலங்கட்டி விழாத இடத்தில் நாணயத்தால் சுரண்டியும் சுத்தியால் தட்டியும் அடையாளம் உண்டாக்குகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையான அடி இங்கொன்றும் அங்கொன்றுமாக, பெரிதும் சிறிதுமாக, பக்கத்துத் தகரத்திலும் சேர்ந்தே இருக்கும். ஒவ்வொரு ஷிங்கிளின் நடுவிலும் ஒரே அளவில் இருந்தால் அது வானத்திலிருந்து வந்ததல்ல.

ஒரு நேர்மையான ரூஃபர், "எஸ்டிமேட் சரியாத்தான் இருக்கு, இதுக்கே முழுசாச் செய்யலாம்" என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் நம்புங்கள், அவரிடமே வேலையைக் கொடுங்கள். வெயிலில் கொப்புளித்த ஷிங்கிளையும் நடந்த கால்தடத்தையும் ஆலங்கட்டி என்று அடம்பிடிக்காதவர்தான் தகரத்தையும் ஒழுங்காக மடிப்பார்.

எல்லாம் அனுப்பியும் கம்பெனி அசையவில்லை என்றால் முதலில் வேறொரு அட்ஜஸ்டரை வைத்து மறு ஆய்வு கேளுங்கள், ரூஃபரும் அப்போது கூரையில் இருக்கட்டும். அதற்கும் மேலே பாலிசியில் அப்ரைசல் பிரிவு இருந்தால் இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை வைத்து, ஒத்துவராததை நடுவரிடம் விடலாம். சில பாலிசிகளில் அந்தப் பிரிவு இல்லை. பப்ளிக் அட்ஜஸ்டரை அமர்த்தினால் அவர் கட்டணம் டெக்சாஸில் கிளெய்ம் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மேலே சொன்ன உதாரணத்தில் நிற்பது 4,600 டாலர். மொத்தக் கிளெய்மில் 10 சதவீதம் கொடுத்துவிட்டு மிஞ்சுவதைக் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். என் கருத்தில் இந்த அளவுக்கு மறு ஆய்வே போதும், அதற்கும் மறுத்தால் டெக்சாஸ் இன்ஷூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கச் செலவில்லை.

கடைசியாக, உங்கள் செக்கில் வீட்டுக்கடன் கொடுத்த வங்கியின் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்கள் கையெழுத்து இல்லாமல் மாற்ற முடியாது. சில வங்கிகள் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேலை நடக்க நடக்கத் தவணையாகத் தரும். அதற்கு அவர்களுடைய படிவம், ரூஃபரின் ஒப்பந்தம், முடிந்த பிறகு நேரில் வந்து பார்த்த சான்று எல்லாம் கேட்பார்கள். இதற்கே பல வாரம் ஓடிவிடும். நிறுத்திவைத்த 5,600-ஐக் கேட்க உங்கள் பாலிசியில் எத்தனை நாள் கெடு, அது எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது என்று ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கி, அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்துவிட்டு, நாளைக் காலை வங்கியைக் கூப்பிடுங்கள். ரூஃபர் வருவதற்கு முன்பே அந்த வேலை தொடங்கியிருக்கட்டும்.